கட் சொல்வது யார்?

முகூர்த்த மாதத்தில் தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் வருவதற்குள் சாலையின் இரண்டு பக்கமும் எத்தனை பெண் முகங்கள் பெரிது பெரிதாக நிற்கின்றன என்று. நகைக்கடைக்கு ஒருத்தி, பட்டுக்கு ஒருத்தி, சமையல் எண்ணெய்க்கு ஒருத்தி. இவர்கள் மாடல்கள். இவர்களுக்கு நடுவில், இதே உயரத்தில், எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை நிற்பாள். பூப்புனித நீராட்டு விழா. தாய்மாமன் பெயர், அப்பாவின் கட்சிப் பொறுப்பு, சாதித் தலைவர் படம், கீழே வரிசையாக அண்ணன் தம்பிமார்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். நடுவில் அந்தப் பிள்ளை. நகைக்கடை மாடல் கையை வைத்திருக்கிற அதே இடத்தில் கையை வைத்து, அதே கோணத்தில் கழுத்தைச் சாய்த்து, அதே நிறத்தில். பஸ்ஸுக்குள் அந்த நிறத்தில் ஒருத்தர்கூட இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையை அங்கே வைக்கச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். தேனியில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருடம் ஆல்பம் டிசைனராக இருந்தேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு. அதிலும் சடங்குதான் அதிகம். கேமரா பிடிக்கிறவர்கள் ஆண்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைக்கிறவர்கள் நாங்கள், மூன்று பெண்கள். கேமரா முன்னால் வந்ததும் ஒரு பெண் வேறொருத்தியாக மாறுவதை மாயம், ஜாலம் என்றெல்லாம் பத்திரிகைகளில் எழுதும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். ஏற்றுகிற விளக்கு முதல் அழுத்துகிற பட்டன் வரை அது வேலை. அந்த வேலைக்கு யார் கூலி வாங்குகிறார்கள், யார் வாங்குவதில்லை, வேலை முடிந்தது என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றுதான் நான் கேட்கிறேன்.

முதலில் மாடலின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன். அவளைத் திட்டுவதற்கு இங்கே ஆள் பஞ்சமில்லை. அரைகுறை உடை, கலாச்சாரச் சீரழிவு, பணத்துக்காக எதையும் செய்கிறவள். இந்தப் பாட்டைப் பெரும்பாலும் பாடுகிறவர்கள் அவள் படம் போட்ட காலண்டரைக் கடைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள். மாடல் ஒரு தொழிலாளி. தாடையைச் சற்று முன்னே தள்ளித் தாழ்த்தினால் கழுத்து நீளமாகத் தெரியும். உடம்பின் கனத்தைப் பின்னங்காலில் இறக்கினால் நிற்கிற தோரணை மாறும். வெளிச்சம் கண்ணைக் கூசும்போது இமையை மூடிக்கொண்டு, போட்டோகிராபர் மூன்று எண்ணும்போது திறந்தால் விழி சுருங்காது. விளம்பரத்தில் அச்சில் வார்த்ததுபோல் பிடிக்கிற ரவிக்கையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தால் வரிசையாக ஊக்கும் கிளிப்பும் இருக்கும். காலையில் இரண்டு பிள்ளைகளின் அம்மாவாகச் சத்துமாவு கலக்கியவள், மதியம் அதே தளத்தில் மணப்பெண்ணாகி வெட்கப்படுவாள். வெட்கம் வராது, வரவழைக்க வேண்டும். பதினைந்தாவது தடவையும் முதல் தடவைபோல் வரவழைக்க வேண்டும். கரகாட்டக்காரிக்குச் செம்பு தலையில் நிற்பது எப்படியோ அப்படி, பழகிப் பழகி வந்த தேர்ச்சி அது.

அவளுக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. டைரக்டர் ‘கட்’ என்கிறார். அவள் முகத்தைத் துடைக்கிறாள், ஊக்குகளைக் கழற்றுகிறாள், சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அந்த மணப்பெண் அங்கேயே தளத்தில் தங்கிவிடுகிறாள். இதுதான் அந்தத் தொழிலின் கௌரவம் என்று நான் நினைக்கிறேன். வேறொருத்தியாக மாறுவதைவிட, திரும்பித் தன் முகத்துக்கு வர முடிவது.

எல்லோரையும் அப்படித் திரும்ப விட்டார்களா என்றால், இல்லை. ஆந்திரத்தின் ஏலூர்ப் பக்கமிருந்து வந்த விஜயலட்சுமியைத் தெரியுமா? 1980-இல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சாராயக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணாக நடித்தார். பாத்திரத்தின் பெயர் சிலுக்கு. படம் முடிந்தது, கட் சொன்னார்கள், ஆனால் அந்தப் பெயரைக் கழற்றி வைக்க அவரை விடவில்லை. அதற்கு அடுத்த வருடமே எங்கள் ஊர்க்காரர் பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’யில் அவரை ஒரு குடும்பப் பெண்ணாக நடிக்க வைத்தார். எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பார்த்தும் அறியாததுபோல் இருந்துவிட்டார்கள். 1996 செப்டம்பரில் சென்னையில் அவர் இறந்தபோது வயது 35. போஸ்டரில் அப்போதும் அவர் சிலுக்குதான். 2011-இல் அவர் வாழ்க்கையைத் தழுவி இந்தியில் ‘தி டர்ட்டி பிக்சர்’ எடுத்தார்கள். வித்யா பாலன் நடித்தார், தேசிய விருது வாங்கினார், வாங்க வேண்டியதுதான். அவரை யாரும் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி வீதியில் கூப்பிடவில்லை. ஒரே உடை, ஒரே ஆட்டம், ஒரே பார்வை. ஒருத்திக்கு அது நடிப்பு, இன்னொருத்திக்கு அது குணம் என்று யார் முடிவு செய்தார்கள்? ஏழை வீட்டிலிருந்து, படிப்பை விட்டு, துணைக்கு ஆளில்லாமல் வந்தவள் என்றால் அவள் நடிப்பதெல்லாம் அவளுடைய சுபாவம் ஆகிவிடுகிறது.

சினிமாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டத்துக்குச் சினிமா இன்னொரு விவசாயம் மாதிரி. அல்லிநகரம் பாரதிராஜாவைக் கொடுத்தது, பண்ணைப்புரம் இளையராஜாவைக் கொடுத்தது. ‘கிராமத்துப் பெண்’ என்று தமிழ்நாடு இன்று எதைக் கற்பனை செய்கிறதோ அதில் பாதி எங்கள் வரப்பிலிருந்து போனது. போனது வரப்புதான், அதில் நடக்கிறவள் போகவில்லை. ‘அலைகள் ஓய்வதில்லை’க்கு உதயசந்திரிகா வந்து ராதா ஆனார். ‘மண்வாசனை’க்கு (1983) ஆஷா வந்து ரேவதி ஆனார். ‘கடலோரக் கவிதைகள்’ படத்துக்கு (1986) ஜோஸ்பின் வந்து ரேகா ஆனார். மூன்று பேருமே கேரளத்துப் பூர்வீகம். அசலூரார் நடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மண்ணை மிதித்தே பழகாத ஒருத்தி மண்ணில் பிறந்தவளாக மாறுவதுதானே அந்தக் கலை, அதை அவர்கள் செய்து காட்டினார்கள். ‘முதல் மரியாதை’யில் (1985) குயிலின் உடம்பு ராதாவுடையது, குரல் ராதிகாவுடையது. ஒரு கிராமத்துப் பெண்ணைச் செய்ய இரண்டு நடிகைகள் தேவைப்பட்டார்கள், அந்தக் கிராமத்துப் பெண் தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்து இந்தப் பள்ளத்தாக்கில் களை எடுத்த எந்தப் பெண்ணையும் அந்த நாட்களில் கூப்பிட்டு, பெயர் மாற்றி, நாயகியாக நிறுத்தியதில்லை. கூட்டத்தில் நிற்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். குலவை போடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பிறகு வந்தவர்கள் ‘யதார்த்தம்’ வேண்டும் என்றார்கள். யதார்த்தம் என்றால் என்ன? கறுப்பு மை. தேனி மாவட்டத்துக்காரரான பாலா ‘பரதேசி’யை (2013) எடுத்தபோது தேயிலைத் தோட்டத்து அடிமை வாழ்க்கையைச் சொல்ல வந்தார். சொல்ல வேண்டிய கதைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. நாயகி வேதிகாவின் தோலைக் கறுப்பாக்கித்தான் அங்கம்மாவாக நிறுத்தினார். இந்தியில் 2019-இல் ஒரு படம் வந்தது, அதன் பெயரும் ‘பாலா’தான். கறுப்பு நிறத்துக்காக அவமானப்படும் ஒரு பெண்ணின் வேதனையைச் சொல்ல பூமி பட்னேகருக்குக் கறுப்பு பூசினார்கள். கறுப்பாக இருப்பதால் வாய்ப்பு கிடைக்காத பெண்ணின் கதை, அந்தக் கதையிலும் கறுப்பான பெண்ணுக்கு வாய்ப்பில்லை! எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, சொல்லாவிட்டால் நியாயமில்லை. கோம்பைக்காரர் லெனின் பாரதி ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை (2018) எடுத்தபோது மலையேறுகிறவர்களையே நடக்க வைத்துப் படம் பிடித்தார். அதில் வருகிற கிழவிகளின் முகத்தைப் பார்த்து என் அம்மா, “இவுக நம்ம ஜீப்புல வாறவுக மாதிரியே இருக்காக” என்றாள்.

இனி ஸ்டுடியோவுக்கு வருகிறேன். சினிமாக்காரரின் பெட்டியில் வெளுப்பைக் கறுப்பாக்குகிற மை இருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் கறுப்பை வெளுப்பாக்குகிற பிரஷ் இருக்கிறது. திரையில் கிராமத்துப் பெண்ணாக வருகிறவள் கறுப்பாகத் தெரிய வேண்டும், கிராமத்துப் பெண் தன் வீட்டு ஆல்பத்தில் கறுப்பாகத் தெரியக் கூடாது. யோசித்துப் பாருங்கள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவளுடைய சொந்தத் தோலுக்கு மட்டும் இடமில்லை.

இந்தப் பிரஷ் வருவதற்கு முன்பே கேமராவுக்குள் இது இருந்தது. கலர் பிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பெயரால் அதை ஷெர்லி கார்டு என்பார்கள். அவளுடைய தோல் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். 1950-கள் தொடங்கிப் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். கறுப்புத் தோல் அந்த அளவில் கரிக்கட்டையாக விழுந்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தது. பிலிமை அவர்கள் திருத்தியதில் பெரிய பங்கு யாருடைய புகாருக்கு என்று நினைக்கிறீர்கள்? சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்று புகார் செய்தார்கள். கனடாவின் லோர்னா ராத் என்ற ஆய்வாளர் இதைத் தோண்டி எடுத்து எழுதியிருக்கிறார். எங்கள் அப்பத்தா தன் ஒரே கலர் போட்டோவைப் பார்த்து, “நான் இம்புட்டுக் கறுப்பாவா இருக்கேன்?” என்று கேட்டாளாம். இல்லை அப்பத்தா, அந்த மெஷின் உன்னைக் கணக்கில் வைத்துச் செய்தது இல்லை.

இப்போது பிலிமும் இல்லை, லேப்பும் இல்லை. ஷெர்லி மட்டும் இருக்கிறாள், போனுக்குள் அழகு வடிகட்டியாக. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்ந்தவர்களாக, சோகமாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014-இலேயே விதி போட்டது. விளம்பரத்துக்கு விதி இருக்கிறது. சின்னமனூரில் மூன்று லட்சம் ரூபாய்க்குச் சடங்கு வைக்கிற வீட்டின் ஆல்பத்துக்கு எந்த விதியும் இல்லை. என் மேஜைக்கு வந்த கோரிக்கை எப்போதும் ஒன்றுதான்: “கொஞ்சம் கலர் ஏத்திவிடுத்தா.” கேட்கிறவர் அம்மாவாக இருப்பார், அத்தையாக இருப்பார். தன் மகளின் நிறத்தைத் தன் நிறமாகவும் பார்த்து, அதற்காகத் தான் கேட்ட பேச்சையெல்லாம் நினைத்துக்கொண்டு அவர் கேட்பது எனக்குப் புரியும். அதனாலேயே அந்த அம்மாவிடம் என் சண்டை இல்லை.

என் சண்டை இன்னொன்றோடு. நிறத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்றைச் சடங்கு ஷூட்டிங்கில் செய்கிறார்கள். வயதை மாற்றுகிறார்கள்.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சடங்குக்கு ஒரு வாரம் முன்போ பின்போ ‘அவுட்டோர்’. வைகை அணைப் பூங்கா, கும்பக்கரை அருவி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம், வசதி இருந்தால் மேகமலை. பிள்ளைக்கு மூன்று செட் உடை. பாவாடை தாவணி, பட்டுப்புடவை, கிரீடம் வைத்த ராணி உடுப்பு. பியூட்டி பார்லர் அக்கா இமைக்கு மேல் இமை ஒட்டுவார். அந்தப் பிள்ளைக்கு 13 வயது, சில வீட்டில் 11. புடவை நிற்க இடுப்பு இல்லாததால் உள்ளே துணி வைத்துக் கட்டுவார்கள். கேமராக்காரர் சொல்வார்: “தலையக் குனி. இப்பக் கண்ண மட்டும் தூக்கு. உதட்டக் கடி. மாமன நெனச்சுக்கோ.” அது கல்யாணப் பெண்ணின் பார்வை, மாடல் கூலி வாங்கிக்கொண்டு பதினைந்து தடவை வரவழைக்கிற அதே வெட்கம். இந்தப் பிள்ளைக்கு அந்த வெட்கம் எதற்கென்றே தெரியாது, முகத்தில் மட்டும் அதை வைக்கச் சொல்கிறார்கள். வீடியோவில் காதல் பாட்டு ஒன்று ஓடும், மேலே ட்ரோன் பறக்கும். மீதி வேலை எங்களிடம் வரும். கன்னத்துப் பூனைமுடி, நெற்றியில் அம்மைத் தழும்பு, சைக்கிளில் விழுந்த முழங்கைக் காயம், இன்னும் விழாத கடைசிப் பால்பல், குழந்தை என்று காட்டிக்கொடுக்கிற எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். துடைத்து முடித்தால் திரையில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருப்பாள். பதினெட்டுக்குக் கீழ் கல்யாணம் குற்றம் என்று 2006-இல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஃப்ளெக்ஸில் நிற்கிறவளுக்குத்தான் இருபது வயதாகிவிட்டதே! சாலையில் போகிற சொந்தக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்து, “நம்ம பையனுக்குக் கேப்பமா” என்று வீட்டில் போய்ச் சொல்வதற்குத்தான் அந்த ஃப்ளெக்ஸ். நான் டிசைன் செய்த பிள்ளைகளில் ஒருத்தி, பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு கல்யாண ஆல்பத்துக்காக அதே ஸ்டுடியோவுக்கு வந்தாள். இந்த முறை முகத்தில் துடைக்க அதிகம் இல்லை. எல்லாம் தானாகவே போயிருந்தது.

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் ஒன்று விழுந்து, ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ என்ற பெண் லாரியில் சிக்கி இறந்தார். அதன்பின் கொஞ்ச நாள் பேனர் வைக்கக் கை நடுங்கியது. சாலையில் போகிறவர் மேல் பேனர் விழக் கூடாது என்று எல்லோரும் பேசினோம். பேனரில் நிற்கிற பிள்ளை மேல் என்ன விழுகிறது என்று ஒருவரும் பேசவில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் அவள் உடம்பில் போன மாதம் நடந்தது தெரியும், தேதியோடு தெரியும். மாடலின் முகத்தைப் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அவளைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

கூலி என்று ஆரம்பித்தேன், அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கத் தோட்டங்களுக்கு ஷூட்டிங் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங், சேலைக்கடை ஷூட்டிங், யூடியூப்காரர்கள். கொடிப் பந்தலுக்கு அடியில் வெளிச்சம் சல்லடைபோல் விழும், படம் அழகாகத்தான் வரும். அந்த நேரத்தில் பந்தலுக்கு அடியில் குனிந்து வேலை பார்க்கிற பெண்களிடம், “அக்கா, பிரேம்ல விழுறீங்க, கொஞ்சம் ஒதுங்குங்க” என்பார்கள். ஒதுங்குவார்கள். அரை மணி நேரம் கழித்து யாருக்காவது ‘லோக்கல் டச்’ வேண்டும் என்று தோன்றும். “அக்கா, அந்தக் கூடையத் தூக்கிட்டு இப்படி நடந்து வாங்க. சிரிங்க. இயல்பா இருங்க.” நாள் முழுக்க இயல்பாகச் செய்ததை நிறுத்திவிட்டு இயல்பாக இருப்பதுபோல் நடிக்க வேண்டும். அது மாடலிங் இல்லாமல் வேறென்ன? தோட்டத்துக்காரருக்கு வாடகை உண்டு, ட்ரோனுக்கு வாடகை உண்டு, அக்காவுக்கு ஒரு ‘தேங்க்ஸ்’. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களையும் இப்படித்தான் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, அட்டைப்பூச்சி ஏறாமல் காலில் உறை. கலர் கலராக இருக்கிறது, அட்டைப்படத்துக்கு ஏற்றது. ஏலக்காய் பாக்கெட்டுக்கு ஏற்றதில்லை. அதில் நகப்பூச்சு போட்ட ஒரு கை இருக்கும். ஏலக்காய்க் கறை படிந்த விரல் எப்படியிருக்கும் என்பதை என் அம்மாவின் கையில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது.

இதே பெண் கேமரா முன் நிற்கிற இன்னொரு இடமும் உண்டு. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் என்.எம்.எம்.எஸ். செயலியில் வருகைப் பதிவு கட்டாயம் என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வேலையிடத்தில் நிற்க வைத்துப் படம். படம் ஏறவில்லை, சிக்னல் இல்லை என்றால் பார்த்த வேலை பார்க்காததாகிவிடும். மண் வெட்டிய பள்ளம் கண்ணெதிரே இருக்கும், கூலி இருக்காது. அந்தப் படத்தில் யாரும் நிறம் ஏற்றுவதில்லை, முகம் தெரிகிறதா என்றுகூடச் சில நாள் பார்ப்பதில்லை. கல்யாணச் சந்தைக்குப் போகிற படத்தில் அவள் உள்ளபடி இருக்கக் கூடாது. கூலிக்கு நிற்கிற படத்தில் உள்ளபடி நின்றாலும் நம்புவதில்லை.

கல்லூரிகளில் இதைப் பேசும்போது மாணவிகள் என்னிடம் கேட்பது ஒன்று உண்டு. “அக்கா, அந்தப் பொண்ணுகளுக்கே ஆசைதானே? நாங்களே போஸ் குடுக்கிறோமே?” ஆமாம், ஆசைதான். யார் ஆசைப்படக் கூடாது என்றது? கண்ணாடி முன் நின்று வேறொருத்தியாக இருந்து பார்க்கிற ஆசை எனக்கு இன்றும் இருக்கிறது. பருத்திக்காட்டில் களை எடுத்துக்கொண்டே போனைக் கிளையில் சொருகி வைத்துப் பாட்டுக்கு வாயசைத்து வீடியோ போடுகிற பிள்ளைகளை நான் ரசித்துப் பார்ப்பேன். சேறு அப்பிய காலோடு ராணி மாதிரி ஒரு நடை நடப்பாள். எவள் சொல்லிக் கொடுத்தாள்? யாரும் இல்லை. பிடிக்கவில்லையென்றால் அவளே அழிப்பாள். அங்கே ‘ஸ்டார்ட்’டும் அவள் சொல்வது, ‘கட்’டும் அவள் சொல்வது.

அந்தப் பிள்ளைக்குத்தான் அடி விழுகிறது. அதைக் கவனித்தீர்களா? இருபதடி ஃப்ளெக்ஸில் மகளை உதட்டைக் கடிக்க வைத்துக் குமுளி ரோட்டில் நிறுத்திய அதே தகப்பன், அவளே எடுத்துப் போட்ட பதினைந்து விநாடி வீடியோவுக்காகப் போனைத் தரையில் அடித்து உடைக்கிறான். “ஊரே பாக்குது, மானம் போச்சு” என்கிறான். ஊர் பார்க்கத்தானே அய்யா ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள்? மானம் எதில் போனது? இரண்டிலும் மேக்கப் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஒன்றில் மாமன் பெயர் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். பெண்பிள்ளை கேமரா முன் வேறொருத்தியாவதில் இவர்களுக்கு ஆட்சேபனை கிடையாது. இவர்கள் சொல்கிற ஒருத்தியாக ஆக வேண்டும், அவ்வளவுதான். கல்லூரி விழாவில் ஃபேஷன் ஷோ என்று ஒரு பிள்ளை மேடையில் நடந்தால் மறுநாள் பெற்றோரை அழைத்து வரச் சொல்கிறார்கள், அடுத்த வாரம் அதே பிள்ளையைத் தலைமை விருந்தினருக்கு ஆரத்தித் தட்டோடு மேக்கப் போட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நிறுத்துகிறார்கள்.

ஆகவே சடங்கு வைக்காதே, போட்டோ எடுக்காதே என்று நான் எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. சடங்கையே ஒழிக்க வேண்டும் என்பது என் கட்சி, அதைத் தனியாக எழுதுகிறேன். இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளையின் படத்தை ரோட்டில் வைக்காதீர்கள். பெயரைப் போட்டு மண்டபத்து வாசலில் ஒரு பலகை வைத்தால் சாப்பிட வருகிறவர்கள் வழி தெரிந்து வந்துவிடுவார்கள். ஷூட்டிங்குக்குப் பெண்பிள்ளையோடு போகிற அத்தைமார்களே, “மாமன நெனச்சுக்கோ” என்று கேமராக்காரர் சொன்னால் அந்த இடத்திலேயே, “தம்பி, அது வேணாம்” என்று சொல்லுங்கள். நீங்கள்தான் பில் கட்டுகிறவர்கள், கேட்பார்கள். ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற பெண்களே, கேமராவைக் கேளுங்கள். அதைத் தூக்கக் கனம் என்பார்கள். ஏலக்காய்ச் சாக்கைவிடக் கனமில்லை.

அப்புறம், ஆல்பத்துக்குப் படம் பொறுக்குகிற நாள் ஒன்று இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் படம் இருக்கும், அதில் நூற்றைம்பது எடுக்க வேண்டும். வழக்கமாக மாமாவும் அப்பாவும் வருவார்கள், மொய் செய்தவர்கள் ஒருவர்கூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார்கள். அந்த நாளில் அந்தப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள், எது இருக்கட்டும் எது வேண்டாம் என்று அவள் சொல்லட்டும். என் ஆறு வருடத்தில் என் பக்கத்து நாற்காலியில் அப்படி வந்து உட்கார்ந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி கிரீடம் வைத்த படங்களையெல்லாம் வரிசையாக வேண்டாம் என்றாள். ஒருத்தி கிரீடம் வைத்ததுதான் வேண்டும், நிறைய வேண்டும் என்றாள். மூன்றாமவள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே வந்து, புட்டும் உளுந்தங்களியும் வாய் நிறைய வைத்துக்கொண்டு தம்பியை அடிக்கக் கை ஓங்கியபோது யாரோ தெரியாமல் எடுத்த படத்தில் நிறுத்தச் சொன்னாள். “இத முதப் பக்கத்துல போடுங்கக்கா, கலர் ஏத்தாம.” போட்டேன். பிரிண்டுக்குப் போகுமுன் அவள் மாமா போன் பண்ணி எடுக்கச் சொல்லிவிட்டார்.